பித்தப்பை என்று சொல்லிவிட்டோம்

ஏப்ரல் 26, சனி

இன்று முடிவாகிவிட்டது. எனக்குப் பித்தப்பையில் கல்.

கல் இல்லை. பித்தப்பை தன் பாட்டுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் ஆபரேஷன் என்றால் ஊருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. காலையில் தோசைக்கு நடுவே நானும் இவரும் யோசித்தோம். குடல்வாலைக் காலேஜ் படிக்கும்போதே எடுத்தாயிற்று, அது எல்லோருக்கும் தெரியும். கர்ப்பப்பை என்றால் பெண்கள் கூட்டமாக வந்து விவரம் கேட்பார்கள். மூலம் என்று சொல்லிவிடலாமே என்றார் இவர். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியில் பித்தப்பை ஜெயித்தது.

நிஜ சங்கதி மார்பைத் தூக்கி நிறுத்துகிற ஆபரேஷன். டாக்டர் ஹெப்சிபா அதை பிரெஸ்ட் லிஃப்ட் என்கிறார். தொங்கிப் போனதை மேலே ஏற்றிவிட்டு, மிச்சத் தோலை வெட்டித் தைத்துவிடுவார்கள். நான் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். வயது நாற்பத்து நான்கு. இரண்டு வருடமாக வாயைக் கட்டி இருபது கிலோவுக்கு மேல் குறைத்தேன். கொழுப்பு போன வேகத்துக்குத் தோல் போகவில்லை. கிரவுண்டில் ஓடினால் அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு பிராவை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு ஓடி, வியர்த்து, அடியில் புண்ணே வந்துவிட்டது. டாக்டரிடம் இதைத்தான் சொன்னேன். காரணம் அது மட்டும்தானா என்று கேட்டார். அது மட்டும்தான் என்றேன். அவர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை.

ஊருக்குத் தெரிந்தால் ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். அண்ணிக்கு மட்டும் தெரியக் கூடாது.

அண்ணி என்று நான் கூப்பிடுவது இவருடைய அக்கா பூங்கோதையை. திருவெறும்பூரில் இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என் சாம்பாரில் புளி ஜாஸ்தி, என் ஸ்கூட்டரில் வேகம் ஜாஸ்தி, என் வாய் அதைவிட ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டிருப்பவர். ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு 'அது' வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த வியாதியின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம். அதனால் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மருந்தில் முடியெல்லாம் கொட்டித் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தார். வெயில் என்றார். ஆமாம் அண்ணி, இந்த வருஷம் வெயில் ஜாஸ்திதான் என்றோம்.

ஒன்றை இழந்து நிற்கிறவரிடம் போய், இருக்கிற இரண்டையும் தூக்கி நிறுத்தப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

மே 2, வெள்ளி

எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று. ரத்தம், இ.சி.ஜி., மேமோகிராம். கடைசியதில் இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அமுக்கினார்கள். மூச்சை அடக்குங்கள் என்றார்கள். வலித்த வலியில் அது தானாகவே அடங்கியது. ரிப்போர்ட்டில் கட்டி கிட்டி ஒன்றும் இல்லை.

என்னென்ன நடக்கும் என்று டாக்டர் ஒரு தாளில் வரைந்தே காட்டினார். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, அடிமடிப்பில் ஒரு வளைவு. தழும்பு இப்படி இருக்கும். முதலில் சிவப்பாகத் தடித்து, ஒரு வருடத்தில் மங்கும், ஆனால் முழுசாக மறையாது. காம்பில் உணர்ச்சி கொஞ்ச நாள் போகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். முதலில் ரொம்ப மேலே ஏறி விறைப்பாக நிற்கும், இது என்னடா என்று பயப்படக் கூடாது, மாதக் கணக்கில் இறங்கி உட்காரும். ஆறு வாரம் ராத்திரி பகல் அழுத்தமான பிரா. மல்லாந்துதான் படுக்க வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடவே கூடாது.

இந்தக் கடைசி விஷயம் மட்டும் இவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி சொன்னேன்.

மே 6, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நிற்க வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் மார்பு முழுக்கக் கோடு போட்டிருக்கிறார்கள். த்ரோபால் கோர்ட் போடுவதற்கு முன் சுண்ணாம்பால் நான் மார்க் பண்ணுகிற மாதிரியே இருக்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் கூப்பிடுவார்களாம். இவர் முகத்தைப் பார்த்தால் ஆபரேஷன் அவருக்குத்தான் என்று நினைப்பார்கள்.

மே 7, புதன்

வலி. இவர் பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட வலிக்கிறது.

மே 9, வெள்ளி

வீடு. மூன்று தலையணை சாய்த்துப் பாதி உட்கார்ந்து பாதி படுத்திருக்கிறேன்.

உறையூர் சித்தி, இவருடைய சின்னம்மா, ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்துவிட்டார். அவர் நிஜமாகவே பித்தப்பை எடுத்தவர் என்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. எத்தனை ஓட்டை போட்டார்கள், கல்லை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்களா, வாயு தோளுக்கு ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஏறுகிறது சித்தி என்றேன். வயிற்றைக் காட்டு என்று நைட்டியில் கை வைத்தபோது இவர் நடுவே புகுந்து, இன்ஃபெக்‌ஷன் ஆகிவிடும் என்று தடுத்தார். பத்தொன்பது வருட இல்லறத்தில் இவர் எனக்காகப் பாய்ந்தது இதுதான் முதல் தடவை.

போகும்போது சித்தி எனக்கு எண்ணெய், தேங்காய், முட்டை, கறி எதையும் ஒரு மாதத்துக்குக் கண்ணில் காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். வலிப்பது மார்பு, பட்டினி கிடப்பது நாக்கு. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சும்மாவா சொன்னார்கள்.

மே 10, சனி

அண்ணி வந்தார்.

வரும்போதே வாசலில் இவரைத் திட்டும் சத்தம் கேட்டது. ஆபரேஷனுக்கு முன்னாடி சொல்லாமல் முடிந்த பிறகு போன் பண்ணுகிறான், இவனெல்லாம் தம்பியா என்று. அப்புறம் என்னைத் திட்டினார். கண்டதையும் தின்று கல் வந்திருக்கிறது என்றார். எனக்குத் தெம்பாக இருந்தது. உலகம் தன் இடத்தில்தான் இருக்கிறது.

தலை சிக்காக இருக்கிறதே, வாரிக்கொள்ளக் கூடாதா என்று சீப்பை நீட்டினார். வாங்கினேன். கை காதுக்கு மேலே போகவில்லை. அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீப்பை வாங்கி அவரே வாரிவிட்டார். அதற்குப் பிறகு திட்டவில்லை.

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவர் திரும்பி வரும்போது, துவைத்துக் காயப் போட்டிருந்த என் இன்னொரு ஆபரேஷன் பிரா, அந்த அகலப் பட்டையும் முன்பக்கக் கொக்கியும் வைத்தது, அவர் முந்தானைக்குள் சுருட்டி இருந்தது. கூடத்தில் சித்தி மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி அவரைத் தாண்டி நேராக என் அறைக்கு வந்து, பிராவை என் தலையணைக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அண்ணி எதுவுமே கேட்கவில்லை. பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டு, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தூசியாக இருக்கும்.

மே 13, செவ்வாய்

அண்ணி தினமும் வருகிறார். திருவெறும்பூரிலிருந்து கே.கே. நகருக்கு இரண்டு பஸ் மாறி. பீட்ரூட் ஜூஸ், மாதுளை, ஆட்டுக்கால் சூப். சித்தியின் பத்தியத்தை நினைவுபடுத்தினேன். அவள் கிடக்கிறாள், நீ குடி, ரத்தம் ஊற வேண்டும் என்றார். குடித்தேன். அமிர்தம்.

இன்று சாம்பார் இவர் வைத்தது. புளி கண்ணை அடைத்தது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். இவருக்குப் பயமாகிவிட்டது. அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்கிறார்.

எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், இத்தனை வருடத்தில் அண்ணிக்கு என்மேல் ஒரு பிரியம் வந்திருக்க வேண்டும். ஆபரேஷன் அதற்கு ஒரு சாக்கு. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இருக்க முடியாது.

மே 16, வெள்ளி

அண்ணி என்னைச் சுவர் பக்கம் நிற்க வைத்து, விரலால் சுவரில் மெதுவாக ஏறச் சொன்னார். பல்லி மாதிரி. பி.டி. டீச்சருக்கே எக்சர்சைஸ். டாக்டர் தோளுக்கு மேலே கூடாது என்றிருக்கிறார் என்றேன். தோள் வரைக்கும் போதும், விட்டால் கை விறைத்துப் போகும், அப்புறம் ஜாக்கெட் போடக்கூட யாரையாவது கூப்பிட வேண்டும் என்றார். பித்தப்பைக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, பயப்படாதே மங்கை என்றார். எனக்கு எதற்குப் பயம் அண்ணி என்றேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவரிடம் சொன்னேன். அக்காவுக்கு வயசாகிறது என்றார்.

மே 20, செவ்வாய்

டாக்டர் கட்டைப் பிரித்தார். தையல் தானே கரைந்துவிடும் ஜாதியாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கன்றிப்போன நீலம், கீழே வரிசையாகக் காய்ந்த ரத்தம், அவர் சொன்ன மாதிரியே ரொம்ப மேலே ஏறி, விறைத்துக்கொண்டு. காம்பைத் தொட்டால் வேறு யாருடையதையோ தொட்ட மாதிரி இருக்கிறது.

ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். குக்கர் ஏழு விசில் அடித்தது. இந்தக் கண்ணாடியை இரண்டு வருடமாகச் சுவர் பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தேன், ரசம் போயிருந்ததால்.

மே 23, வெள்ளி

அண்ணி வரவில்லை. போன் பண்ணினேன். ஒரு சோலியாகச் சமயபுரம் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன். உனக்குத்தான் போகிறேன் என்றார்.

மே 25, ஞாயிறு

அண்ணி மொட்டை போட்டிருக்கிறார்.

வாசலில் முக்காட்டோடு நின்றார். உள்ளே வந்து முக்காட்டை இறக்கினார். தலை முழுக்கச் சந்தனம். அந்த முடி திரும்ப இடுப்பு வரை வளர ஆறு வருடம் ஆனது. குளித்துவிட்டு மாடியில் உலர்த்தும்போது எதிர்வீட்டுக்காரி பார்க்கட்டும் என்று அரைமணி நேரம் நிற்பார். இவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

என்ன அண்ணி இது என்றேன். வேண்டுதல் என்றார். இவரை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொல்ல வேணாம். நான் கேக்க மாட்டேன். கேட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். "அடுத்து மருந்து ஏத்துவாங்க. முடி கொட்டும். கொத்துக் கொத்தா தலவாணியில கெடக்கும். அப்ப இந்த வீட்டுல இன்னொரு மொட்டத் தலையும் இருக்கட்டும்னுதான். எனக்கு அப்ப யாரும் இல்ல."

ஆட்டுக்கால் சூப், சுவரில் பல்லி, தலையணைக்கு அடியில் பிரா, எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது. விளங்கியது என்று எழுதுகிறேன். எப்போதிலிருந்து விளங்காமல் இருந்தது என்று என்னையே கேட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. அண்ணி அதைப் பயத்தின் அழுகை என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிவிட்டார். சந்தன வாசனையோடு மாலை வரைக்கும் என்னோடு இருந்துவிட்டுப் போனார்.

மே 26, திங்கள்

நீங்கள் சொல்லுங்கள், உங்கள் அக்காதானே என்றேன். நீ சொல், உன் பித்தப்பைதானே என்றார்.

மே 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இவர் ஆபீஸ் போன பிறகு அண்ணி வந்து, கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். எனக்கு அது இல்லை அண்ணி என்றேன். எது என்றார், தலையை நிமிர்த்தாமல். அது என்றேன். கீரையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். 'அது' என்று எத்தனை தடவை சொன்னாலும் இது முடியாது என்று தெரிந்தது.

"கேன்சர். எனக்குக் கேன்சர் இல்ல அண்ணி. வந்ததே இல்ல."

எங்கள் வீட்டுச் சுவர்கள் அந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்டன. எதுவும் இடிந்து விழவில்லை. அண்ணியின் கை மட்டும் நின்றது. நான் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். உடம்பு இளைத்து எல்லாம் தொங்கிப் போயிற்று, தூக்கி வைத்துத் தைத்துக்கொண்டேன், பித்தப்பை என்று பொய் சொன்னோம், புண் வந்ததும் நிஜம்தான், ஆனால் அதற்காக மட்டும் இல்லை, அழகுக்காகத்தான். அழகுக்காக என்று நானே சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன்.

அண்ணி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். பிறகு, இன்னொரு தடவை சொல்லு என்றார். எதை என்றேன். இல்லை என்கிறதை என்றார். இல்லை அண்ணி, எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றேன். அவர் உட்கார்ந்த இடத்திலேயே சமயபுரம் இருக்கும் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். இடது கை கொஞ்சம் தாழ்ந்துதான் நின்றது.

"ஆத்தா கேட்டுட்டா" என்றார்.

"ஐயோ அண்ணி, எனக்கு வந்ததே இல்லைங்கறேன்."

"நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். இவளுக்கு வந்ததே இல்லைன்னு ஆகிறணும் தாயேன்னு."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தப்பித்தேன் என்றே நினைத்தேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. ஊருக்குப் பொய் சொன்னாய் சரி, என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டார். என் கண் ஒரு நொடி அவர் இடது பக்கம் போய்த் திரும்பியது. அதுவே பதிலாகிவிட்டது.

"எனக்கு ஒண்ணு இல்லைங்கறதுக்காக உனக்கு இருக்கறதப் பாத்து வயிறெரிவேன்னு நெனச்சியா?"

"வயிறெரிவீங்கன்னு நினைக்கல. வலிக்கும்னு நினைச்சேன்."

"வலிக்கத்தான் செய்யும்" என்றார். "வலிச்சா செத்தா போயிருவேன்? இப்படித்தான் எல்லாரும் எனக்கு வலிச்சிரும் வலிச்சிரும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமயே விட்டீங்க."

கீரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். மொட்டைத் தலைக்கு முக்காடுகூடப் போடவில்லை. நான் பால்கனியிலிருந்து பார்த்தேன், பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். இறங்கி ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது ஒரு நல்ல சாக்கு.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து விசில் மட்டும் அடித்தேன். டீச்சர் ஸ்லிம்மா ஆயிட்டீங்க, நிமிர்ந்து உட்கார்றீங்க என்றாள் ஒரு குட்டி. பித்தப்பை எடுத்தால் அப்படித்தான் என்றேன்.

அண்ணியிடமிருந்து போன் இல்லை. நான் மூன்று தடவை போட்டேன், எடுக்கவில்லை. இவர் நேரில் போய்வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சட்டை கசங்கியிருக்கிறது, உன் பெண்டாட்டி இஸ்திரி போட மாட்டாளா என்று கேட்டாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். அதையே நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 7, சனி

காலை பத்து மணிக்கு அண்ணி வந்தார். தலையில் முள் முள்ளாக முடி முளைத்திருக்கிறது. வந்தவுடன் இவரை மார்க்கெட்டுக்கு விரட்டினார். என்ன வாங்க என்று கேட்டவரிடம், போய்விட்டு என்ன இருக்கிறது என்று போன் பண்ணு என்றார்.

என் அறைக்கு வந்து கதவைத் தாழ் போட்டார். காட்டு என்றார்.

எனக்குக் கூச்சமாகப் போயிற்று. பத்து வருடம் ஆஸ்டலில் இருந்தவள், ஆஸ்பத்திரியில் யார் யாரோ பார்த்தார்கள், அப்போதெல்லாம் வராத கூச்சம். திரும்பி நின்று கொக்கிகளை எடுத்துவிட்டு, பிறகு அவர் பக்கம் திரும்பினேன். அண்ணி கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பு என்றார். திரும்பினேன். தையலை விரலால் தொடாமல் காற்றிலேயே தடவிக்கொண்டு போய், இது ஆறிவிட்டது, இந்த முனையில் மட்டும் கசிகிறது, டாக்டரிடம் காட்டு என்றார். வலது பக்கம் ஒரு நூல் மேலே நிற்கிறது என்றார். சாம்பாரைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

நான் கொக்கியைப் போடவில்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. ஆறு வருடமாக இந்தக் குடும்பத்தில் யாரும் கேட்காததைக் கேட்க வேண்டும். என்ன வார்த்தையில் கேட்பது என்று தெரியாமல், இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைக் கேட்டேன்.

"உங்களுக்கு ரொம்ப வலிச்சுதா அண்ணி?"

"இதக் கேக்க இத்தன வருஷமாச்சா உனக்கு?" என்றார். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, தன் ஜாக்கெட்டின் முதல் கொக்கியை எடுத்தார்.